ரெண்டுல எது நல்லா இருக்கு?

போன மாதம் சுகன்யா போன் செய்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த கல்வி அறக்கட்டளை ஆபீசில், நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது இருப்பவர். மாணவர்களின் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரே படித்துத் தரம் பிரிக்கும்படி ஏதோ ஏற்பாடு வாங்கியிருக்கிறார்களாம். சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு திருமண அழைப்பிதழை உள்ளே கொடுத்தாராம். "கருத்து தெளிவாக உள்ளது, உணர்ச்சி போதாது" என்று பதில் வந்ததாம்.

"மேடம், நீங்க ஆளுங்கள வச்சுதானே இதெல்லாம் பண்ணீங்க? அதுவும் வாத்தியாருங்க இல்லாம. எப்பிடின்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். பழைய ஃபைலப் படிச்சா ஒண்ணும் புரியல."

"புரியாது. அது தணிகாசலம் சார் எழுதின ஃபைல்," என்றேன்.

என் பெயர் ரோஸ்லின். குறிஞ்சிப்பாடிக்காரி. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தேன். இரண்டு மொழியிலும் டைப்ரைட்டிங் ஹையர். கட்டுரைப் போட்டிப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது, எனக்கு இலக்கியம் தெரியாதே என்றேன். விடைத்தாளைப் பிரித்து, அடுக்கி, நூல் கட்டத் தெரிந்தால் போதும் என்றார்கள். அது தெரிந்திருந்தது. முதல் சில வருடங்கள் அப்படியே போயின.

போட்டி என்றால் கேடயம் கொடுத்து கைதட்டி அனுப்புகிற போட்டி அல்ல. மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தலைப்பில் எழுதுவார்கள். நன்றாக எழுதியவர்களுக்குச் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் ஓரமாக இருந்த எங்கள் ஹாஸ்டலில் இடம் உண்டு. பத்தாவது முதல் பன்னிரண்டாவது வரை சாப்பாடு, படிப்பு எல்லாம் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு அதுதான் மேலே படிப்பதற்கும் நிறுத்திக்கொள்வதற்கும் நடுவில் இருந்த ஒரே விஷயம். அதனால் யார் கட்டுரை மேல் என்பதை ஏனோதானோ என்று முடிவு செய்ய முடியாது. நாங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம் என்பதைத் தணிகாசலம் சார் எங்கள் பிரிவுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அவர் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். அங்கே யாரோடும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். எங்களோடு ஒத்துப்போனார் என்றும் சொல்ல முடியாது. எதையும் நல்லது, கெட்டது என்று சொல்ல மாட்டார். டீ எப்படி சார் இருக்கு என்று கேட்டால், ஒரு வாய் குடித்து, நேரம் எடுத்துக்கொண்டு, "நேத்தைக்கு இது மேல்" என்பார். நான் அவரிடம் வாங்கிய பெரிய பாராட்டு, "போன வருஷத்தவிட தப்பு கம்மி" என்பது. அவருடைய மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டோம். "இதுவரைக்கும் வந்ததுல ரெண்டாவது" என்றார். முதலாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரே கட்டுரையை இரண்டு தமிழாசிரியர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தது. ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இன்னொருவர் தேறாது என்றார். பிறகு அதே கட்டுரையை, பெயரை மறைத்து, முதலாமவரிடமே வேறொரு நாள் கொடுத்தார். அவரும் தேறாது என்றார்.

"அவுங்க மேல தப்பு இல்ல," என்றார் சார். "ஒரு கட்டுரைய மட்டும் கையில குடுத்து மார்க் போடுன்னா யாரா இருந்தாலும் திண்டாடுவாங்க. ரெண்டு கட்டுரைய குடுத்து எது மேலன்னு கேட்டா சொல்லிடுவாங்க. ரெண்டு புடவைய காட்டுனா எது வேணும்னு சொல்றோம். ஒரு புடவைய காட்டி எத்தன மார்க்குன்னா முழிப்போம்."

அவர் புடவைக் கடைக்குப் போனதே இல்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார். ஆனாலும் விஷயம் சரிதான்.

அந்த வருடம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஏதோ கணக்கெடுப்பு வேலை போட்டுவிட்டார்கள். திருத்த ஆள் இல்லை. போட்டியைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டோம். தள்ள வேண்டாம், வாத்தியார் அல்லாதவர்களைக் கூட்டுவோம், தமிழ்ப் பேப்பர் தினமும் படிக்கிறவர்களாக இருந்தால் போதும் என்றார் சார். இடம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம் என்பதால் மண்டபக்காரர் யார் கேட்டாலும் கொடுக்கிற மனநிலையில் இருந்தார்.

ஆள் பிடிக்கும் வேலை என்னுடையது. அண்ணாமலை நகரைச் சுற்றி, வாத்தியாராக இல்லாத, வாத்தியாராக இருந்து ஓய்வு பெறாத, வாத்தியாராகப் போகிற உத்தேசமும் இல்லாத ஆளைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது தேடிப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில் ஓய்வு பெற்ற நர்ஸ் பரிமளா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ராமலிங்கம், ஜெராக்ஸ் கடைப் பெண்கள், ஒரு தையல்காரர், மாணவர் விடுதிகளுக்குப் பால் ஊற்றுகிறவர், பல குடும்பத் தலைவிகள் என்று மண்டபம் நிறைந்தது.

எல்லாக் கட்டுரைகளையும் முதலிலேயே டைப் செய்துவிட்டோம். கையெழுத்து அழகாக இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும் என்பது சாரின் பயம். எழுத்துப் பிழையையும் அப்படியே அடிக்க வேண்டும் என்று டி.டி.பி. கடையில் சொல்லி அனுப்பினோம். கடைக்காரர் எல்லாப் பிழையையும் திருத்தி அடித்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "புள்ளைங்க தப்பா எழுதலாம் மேடம், எங்க கடையில இருந்து தப்பா வெளிய போகலாமா?" என்றார். மறுபடி முதலிலிருந்து அடித்தோம்.

ஒருவருக்கு இரண்டு தாள் கொடுப்போம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. படித்துவிட்டு நல்லதை எடுத்துத் தர வேண்டும். மார்க் கிடையாது, காரணம் சொல்லக் கூடாது. பிறகு வேறு இரண்டு தாள். ஒவ்வொரு கட்டுரையும் பல பேர் கைக்கு, பல கட்டுரைகளோடு ஜோடி சேர்ந்து போகும். கடைசியில் எது எதையெல்லாம் ஜெயித்தது என்பதை வைத்து வரிசை வரும்.

உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு சோதனையும் உண்டு. ஒரு பக்கம் ஒழுங்கான கட்டுரை, இன்னொரு பக்கம் அதையே பத்தி பத்தியாகக் கலைத்துப் போட்டது. கலைத்ததை நல்லது என்று சொன்னவர்களுக்குச் சாப்பாடு போட்டு வழியனுப்பினோம். பால்காரர் மட்டும் எப்போதும் இடது பக்கத் தாளையே எடுத்துக்கொண்டிருந்தார். அனுப்பிவிடலாமா என்றேன். சார் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் வலது பக்கத் தாளில் விழுந்து கண் கூசியது. நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். அதற்குப் பிறகு பால்காரர் ஒழுங்காகப் பார்த்தார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டுரை போன இடமெல்லாம் ஜெயித்தது. மண்டபமே அதற்கு மயங்கிவிட்டது. கணக்கெடுப்புக்கு நடுவில் எட்டிப் பார்த்த ஒரு தமிழாசிரியை அதைக் கையில் வாங்கி, முதல் வரியைப் படித்தார். மீதியைப் பார்க்காமலேயே கடைசி வரை சொல்லி முடித்தார். கடையில் விற்கிற கைடில் இருப்பதாம். அதன் பிறகு அந்த அம்மாவை விடவில்லை. சனி, ஞாயிறுகளில் வந்து, மனப்பாடக் கட்டுரைகளை அவர் பிரித்துக் கொடுப்பார்.

இப்போது அந்த ஒரு கட்டுரைக்கு வருகிறேன்.

தலைப்பை அறங்காவலர்கள்தான் முடிவு செய்வார்கள். அந்த வருடம் 'என் தாய்'. யாருக்கும் வம்பு வராத தலைப்பு என்று நினைத்திருப்பார்கள். வந்த கட்டுரைகளில் தாய் என்பவள் மெழுகுவர்த்தி, ஆலமரம், கருணைக் கடல், தெய்வம். படித்துப் படித்து ஜெராக்ஸ் கடைப் பெண் ஒருவர், "எல்லாருக்கும் ஒரே அம்மாவா மேடம்?" என்று கேட்டார். காரணம் பேசக் கூடாது என்று அவரை அடக்கினேன்.

வரிசை தயாரானதும், மணமகள் அறையில் (அதுதான் எங்கள் ஆபீஸ்) சார் என்னைக் கூப்பிட்டார். நடுவில் இருந்த ஒரு கட்டுரையைக் காட்டினார்.

"பாதி ஜெயிச்சிருக்கு, பாதி தோத்திருக்கு. அப்ப சுமார்தானே சார்?"

"சுமாரானது நல்லதுங்ககிட்ட தோத்து, மோசமானதுங்கள ஜெயிக்கும். இது என்னா பண்ணியிருக்குன்னு பாருங்க. இருக்கறதுலயே நல்ல கட்டுரைங்கள ஜெயிச்சிருக்கு. ஒண்ணுமே இல்லாத கட்டுரைங்ககிட்ட தோத்திருக்கு. இது நடுவுல இல்ல. ரெண்டு ஓரத்துலயும் நிக்குது."

நான் உட்கார்ந்து படித்தேன். இப்படி இருந்தது:

'என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்போது நானும் தம்பியும் வெளியே போய்விடுவோம். போகாவிட்டால் கரண்டியால் அடி விழும். பிறகு அதே கரண்டியைக் கழுவிவிட்டு எனக்குத் தோசை வார்ப்பார். முதல் தோசை எனக்குத்தான். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை, முதல் தோசை எப்போதும் பிய்ந்துபோகும். அம்மா பாட்டி ஊருக்குப் போனால் வீடு நன்றாக இருக்கும். மூன்றாவது நாள் நன்றாக இருக்காது.'

இன்னும் ஒரு பக்கம் இப்படியே போனது. எங்கும் மெழுகுவர்த்தி இல்லை.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். இத மேல ஏத்திடலாமே," என்றேன்.

"எனக்கும் பிடிச்சிருக்கு. அதனாலதான் நம்ம தொடக் கூடாது. நமக்குப் புடிச்சத மேல ஏத்தறதுக்கு இத்தன பேர எதுக்குக் கூட்டினு வந்தோம்?"

ஆனால் அவருக்கும் மனம் கேட்கவில்லை. காரணம் கேட்கக் கூடாது என்ற தன்னுடைய விதியைத் தானே மீறி, இரண்டு பேரைக் கூப்பிட்டார். முதலில் பரிமளா.

"ஆமா சார், எங்கிட்ட வந்துது. எடுத்தேன். அந்தப் பொண்ணும் அம்மாவும் என் எதிருல நிக்கற மாதிரி இருந்துது. வேற எதுலயும் அப்பிடி இல்ல."

அடுத்து ராமலிங்கம். பெயரளவில்தான் ஓய்வு பெற்றவர். தெருவில் கரண்டு போனால் இன்னமும் கம்பத்தடியில் போய் நிற்பார்.

"அதா? எங்கிட்டயும் வந்துது. எதோட வந்தாலும் அத ஒதுக்கிட்டேன்."

"ஏன்?"

"பெத்தவளப் பத்தி இப்பிடியா சார் எழுதறது? இது எப்பிடி நல்லா இருக்கும்? நீங்க எது நல்லா இருக்குன்னுதானே கேட்டீங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆமா," என்றார். "அப்பிடித்தான் கேட்டேன்."

வெளியே போய் மைக்கைப் பிடித்தார். மண்டபத்து மைக், அதுவரை அதைத் தொட்டதில்லை. "எல்லாரும் சரியாதான் பாத்திருக்கீங்க. கேள்விதான் தப்பு. நல்ல விஷயமா இருக்கறது வேற, நல்லா எழுதறது வேற. ரெண்டையும் ஒரே வார்த்தையில கேட்டுட்டேன். கேட்டது நான்தான். சாப்பிட்டுட்டு வாங்க, முதல்ல இருந்து ஆரம்பிப்போம். இந்த தடவ கேள்வி, எது நல்லா எழுதியிருக்குங்கறதுதான்."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தையல்காரர் மட்டும் திரும்பி வரவில்லை, ஊருக்கே போய்விட்டார்.

முதலிலிருந்து என்றால் அந்த ஒரு கட்டுரையை மட்டும் அல்ல, அத்தனையையும். அதற்கு மட்டும் மறு வாய்ப்பு கொடுத்தால் அது சலுகை ஆகிவிடும் என்றார் சார். ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் எடுத்தவர்கள் வாழைமரத்தோடு வந்து நின்றார்கள். நாங்கள் மாடிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாறினோம். மணமகள் வந்ததும் அவருடைய அறையிலிருந்து எங்கள் கட்டுகளை எடுத்தோம். கீழே நாதஸ்வரம், மேலே 'என் தாய்'. பெண் வீட்டு மாமா ஒருவர் பந்தி என்று நினைத்து மேலே வந்து உட்கார்ந்தார். யாரோ அவர் முன்னால் இரண்டு தாளை வைத்துவிட்டார்கள். பொறுப்பாகப் படித்து, ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, இலை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். அவருடைய தீர்ப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது சுற்றில் வரிசை மாறியது. அந்தக் கட்டுரை முதலிடத்துக்கு வரவில்லை. ஆனால் ஹாஸ்டல் இடம் கிடைக்கிற எல்லைக்குள் வந்துவிட்டது. ராமலிங்கத்திடமும் இன்னொரு தடவை போயிருந்தது. இந்த முறை அதையே எடுத்து, மேசை மேல் தட்டி வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கு சார். அதான் கோவமே."

பெயர்களை ஒட்டி வைத்திருந்த உறைகளைப் பிரித்தபோது தெரிந்தது, எழுதியது சந்தியா என்ற பெண், மங்கலம்பேட்டைப் பக்கம். சாரும் நானும் பஸ் பிடித்து விருத்தாசலம் போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் போனோம். தேர்வான பிள்ளைகளை நேரில் பார்ப்பது வழக்கம்; கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுவதும் வழக்கம். பள்ளியில் தலைமையாசிரியை கூட்டிவந்த பெண் ஒல்லியாக, சடையைக் கையில் பிடித்தபடி நின்றது. இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். சிரிக்கும் என்று பார்த்தால் அழ ஆரம்பித்தது.

"வேணாம் மேடம். யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் தெய்வம்னுதான் எழுதுவாங்க, அதுங்களத்தான் எடுப்பாங்க, நம்மளத எங்க பாக்கப் போறாங்கன்னுதான் உள்ளத எழுதினேன். அம்மா பாத்துச்சுன்னா அவ்ளோதான். சீட்டு வேணாம்."

வீட்டில் அடி அதிகமா என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். கேட்காமல் விடக்கூடிய விஷயம் அல்ல. "எல்லா வீட்லயும் மாதிரிதான் மேடம். அம்மா அழுவும் அப்பறம். அதான் கஷ்டமா இருக்கும்," என்றது.

சார் சந்தியாவிடம், "புத்தகத்துல போட மாட்டோம். நீ சொல்லாம யாருக்கும் காட்ட மாட்டோம்," என்று வாக்குக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில் மூன்று பேருமாக அம்மாவைப் பார்க்கப் போனோம். அஞ்சலை என்று பெயர். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை. கணவர் இல்லை. கல்லில் தோசை ஊற்றிக்கொண்டே நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"இன்னா டீச்சர், சோறு போட்டு, படிக்க வச்சு, ஒண்ணும் குடுக்க வேணாம்ன்றீங்க. எதுக்கு?"

"உங்க பொண்ணு கட்டுரை நல்லா எழுதியிருக்கும்மா."

"எங்க, காட்டுங்க."

இதை நாங்கள் யோசிக்கவில்லை. நான் சாரைப் பார்த்தேன். அவர் சந்தியாவைப் பார்த்தார்.

"அது பொண்ணோட கட்டுரைங்க. அது சரின்னாதான் காட்டுவேன். காட்டாட்டியும் சீட்டு உண்டு."

"நீங்க குடுப்பீங்க. இன்னா எழுதிச்சுன்னு தெரியாம நான் எப்பிடி சார் அனுப்பறது? ஊரு பேரு தெரியாதவங்க வந்து பொண்ண அனுப்புன்னா அனுப்பிடுவாங்களா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சந்தியா சடையை விடவில்லை. கடைசியில், "காட்டுங்க சார்," என்றது.

அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். கல்லில் தோசை கருகியது.

"அக்கா, தோச..." என்றார் ஒருவர்.

"இருய்யா."

முடித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து மறுபடி படித்தார். அவர் மூக்கு சிவந்தது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் அவர் கண்ணும் சேர்ந்து சிவந்துகொண்டிருந்தது.

"கரண்டின்னு போட்டிருக்கா," என்றார் என்னிடம். "கரண்டி இல்ல டீச்சர், தோசத் திருப்பி."

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"மூணாவது நாளு வூடு நல்லா இருக்காதா?"

"ம்."

"ஏன்?"

சந்தியா யோசித்தது. "நீ வெச்சுட்டுப் போன கொழம்பு தீந்துடும்."

அஞ்சலை கருகிய தோசையைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புது மாவு ஊற்றினார். அது வெந்ததும் திருப்பிப் போட்டார். பிறகு, "மத்த புள்ளைங்க இன்னா எழுதுச்சு?" என்றார்.

முதலிடம் வந்த கட்டுரை சாரின் பையில் இருந்தது. கொடுத்தார். தாய் தெய்வம் என்று தொடங்கி, உண்மையிலேயே அழகாக எழுதப்பட்ட கட்டுரை. அதையும் படித்தார். இரண்டு தாளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு சாரைப் பார்த்தார்.

"இதான் நல்லா இருக்கு," என்று தெய்வத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சார் அதை வாங்கிப் பையில் வைத்தார்.

"ஆனா சீட்டு எம்பொண்ணுக்கும் உண்டுல்ல?"

"உண்டுங்க."

"அப்பறம் இன்னா. எங்க கையெழுத்து போடணும்?"

போட்டார். சந்தியா எழுதிய தாளை மட்டும் திருப்பித் தரவில்லை. எண்ணெய் படாத இடமாகப் பார்த்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அது ஆபீஸ் நகல், ஃபைலில் இருக்க வேண்டியது. கேட்கிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

திரும்பி வரும்போது நெய்வேலி தாண்டியதும் சார், "அந்தம்மாகிட்ட நம்ம கேள்வியே கேக்கல, மேடம். அவுங்களே பதில் சொல்லிட்டாங்க," என்றார். சந்தோஷமாக இருந்தாரா, வருத்தமாக இருந்தாரா என்று அப்போதும் தெரியவில்லை. ஆனால் வடலூரில் இறங்கி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதுவரை வாங்கிக் கொடுத்ததில்லை.

அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும், அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரைக்கும், அந்த முறையில்தான் தேர்வு நடந்தது. கேள்வியை மட்டும் ஒவ்வொரு வருடமும் முதலில் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டு, என்ன புரிந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் மண்டபம் பிடிப்போம். சுகன்யாவுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். கம்ப்யூட்டரோ பால்காரரோ, பதில் சொல்வதற்கு யாராவது கிடைத்துவிடுவார்கள்.

சந்தியா அடுத்த ஜூனில் ஹாஸ்டலுக்கு வந்தது. முதல் வாரம் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஊருக்குப் போகிறேன் என்று நின்றது. போகவில்லை. அரையாண்டு லீவு முடிந்து வந்தபோது நான் வேலையாக அங்கே போயிருந்தேன். கட்டுரையைப் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அதுவாகவே வந்து சொன்னது. அம்மா சொல்லச் சொன்னார்களா என்றேன். இல்லை, நானேதான் என்றது. முகம் தெளிவாக இருந்தது. கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"வீட்ல எப்பிடி இருந்துது?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துது மேடம். அம்மா இப்பல்லாம் அடிக்கறதில்ல. தம்பியகூட."

"கோவம் போயிடுச்சா?"

"கோவம் அப்பிடியேதான் இருக்குது," என்றது. "தோசத் திருப்பிய ஓங்கிடும். அப்பறம் என் மூஞ்சப் பாத்துட்டு, எழுதிடுவேன்னு கீழ வச்சுடும்."